வேட்டில்லாத தீபாவளி

தீபாவளிக்கு நான்கு அங்கங்கள் உண்டு: எண்ணெய் முழுக்கு, புதுத் துணி, பட்சணம், வேட்டு. முதல் மூன்றும் பெரியவர்களின் திருப்திக்காக ஏற்பட்டவை என்பது என் அபிப்பிராயம். நான்காவது ஒன்றுதான் குழந்தைகளுக்கே சொந்தமானது. ஐப்பசி பிறந்த நாளிலிருந்து கடைத் தெருவை வலம் வந்து, எந்தக் கடையில் என்ன சரம் தொங்குகிறது, அதன் விலை என்ன, அப்பாவின் சட்டைப் பை அதற்குத் தாங்குமா என்றெல்லாம் மனக்கணக்குப் போட்டுக் கொண்டிருக்கும் பையனிடம், "இந்த வருஷம் வெடி கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி வராது. வேறு ஏதோ வரும்!

ஒரு வருஷத்துக்கே இந்தக் கதி என்றால், வருஷா வருஷம் வெடி கிடையாது என்று ஓர் ஊரே தீர்மானித்திருந்தால் எப்படி? கையில் காசில்லாமல் அல்ல. ஊரில் துக்கம் நேர்ந்துவிட்டதாலும் அல்ல. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, சத்தம் கேட்டால் பயந்துவிடும் என்பதற்காக!

சிவகங்கை ஜில்லாவில், மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது கொள்ளுக்குடிப்பட்டி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மூன்றையும் சேர்த்து, 38 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பை, 1977-ஆம் வருஷம் சர்க்கார் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. அறிவிப்புப் பலகையை நட்டது சர்க்கார். ஆனால் பறவைகளுக்கு அடைக்கலம் தந்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள்தான். தீபாவளிக்கு வெடி இல்லை. திருவிழா, கல்யாணம் என்றாலும் வேட்டுச் சத்தம் இல்லை. இத்தனைக்கும், நாடு முழுவதற்கும் வேட்டு அனுப்பி வைக்கிற சிவகாசி பக்கத்து ஜில்லாவில்தான் இருக்கிறது.

திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது இந்த ஊரையும் பார்த்து வருவது என்று புறப்பட்டேன். மார்கழி மாதம். என்னோடு நண்பர் ஒருவரும் வந்தார். அவர் பாங்கில் கணக்குப் பார்ப்பவர். பாங்கை விட்டு வெளியே வந்த பிறகும் கணக்கு அவரை விடுவதில்லை. எந்த விஷயத்தைச் சொன்னாலும், "இதில் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே நடப்பார். எழுத்தாளனுக்கு இப்படி ஒரு சிநேகிதர் இருப்பது நல்லது. உணர்ச்சி வசப்பட்டு நான் மேலே மேலே போய்க் கொண்டிருக்கும்போது காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுவார்.

கண்மாய்க்கரை ஏறுவதற்கு முன்னாலேயே மணம் வந்துவிட்டது. மணம் என்று மரியாதையாகச் சொல்கிறேன். மீனும் எச்சமும் ஈரமும் கலந்த அந்த வாடையை நண்பர் வேறு வார்த்தையால் வர்ணித்தார். கரை ஏறியதும் இருவருமே பேச்சை நிறுத்திவிட்டோம்.

நீருக்குள் முழங்கால் அளவு நிற்பவைபோல் கருவேல மரங்கள். அவற்றின் உச்சியெல்லாம் வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாகப் பறவைகள். இலை எங்கே, இறகு எங்கே என்று தெரியவில்லை. பெரும்பாலும் நத்தைக்குத்தி நாரைகள். அவற்றின் அலகு விசித்திரமானது. மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டுவதில்லை. பாக்கு வெட்டிபோல இடைவெளி விட்டிருக்கும். வயலிலும் குளத்திலும் நத்தையைத் தேடி எடுத்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையைப் பிரித்துத் தின்பதற்கு இந்த அலகு. குரல் என்று சொல்லும்படி அதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அலகைத் தட்டியே சொல்லிவிடுகிறது. நூறு பேர் ஒரே சமயத்தில் தாயக்கட்டையை உருட்டினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத் தாரா எல்லாம் இங்கே வருவதாகச் சொன்னார்கள். கழுத்தை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு பாம்புபோல நீந்திப் போன தாராவை நானே பார்த்தேன். கரண்டிவாயனைத் தேடினேன், அன்றைக்கு அதற்கு வேறு ஜோலி போலிருக்கிறது.

கரையில் ஒரு மூதாட்டி ஆடு மேய்த்துக் கொண்டிருந்தாள்.

"ஆத்தா, இந்தப் பறவையெல்லாம் எப்போது வரும்?" என்று கேட்டேன்.

"மழை விழுந்து கம்மாயி பெருகினா வரும், தம்பி. பெருகலேன்னா வராது. அதுகளுக்குத் தெரியும்" என்றாள்.

"வேட்டுப் போடக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். படித்தவன் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தாளோ என்னவோ. "யாரு சொல்லணும்? பிள்ளை பெத்தவ படுத்துக் கெடக்குற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யாராச்சும் வேட்டுப் போடுவாகளா?" என்றாள். அதற்குள் ஓர் ஆடு பக்கத்துக் கொல்லைக்குள் நுழைந்துவிடவே, அதைத் திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

பறவை நூல்கள் இரண்டு பக்கத்தில் விளக்குகிற விஷயம் இது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கண்மாயில் நீர் ஏறுகிற சமயத்தில் பறவைகள் வந்து மரம் பார்க்கின்றன. அதே சமயத்தில்தான் தீபாவளியும் வருகிறது. கூடு கட்ட இடம் பார்க்கும் நேரத்தில் பயம் தட்டினால் கூட்டமாக வேறு இடத்துக்குப் போய்விடும். முட்டையிட்ட பிறகு பயந்து எழும்பினால், தாய் திரும்பி வருவதற்குள் காக்கையும் பருந்தும் வந்துவிடும். குஞ்சு பொரிந்த பிறகோ இன்னும் ஆபத்து. கலவரத்தில் கூட்டை விட்டு நழுவிய குஞ்சு கீழே தண்ணீரில் விழுந்தால் அதோடு சரி. முட்டை பொரிய மூன்று, நான்கு வாரம். குஞ்சு பறக்க அதற்கு மேலும் பல வாரம். ஆத்தா இதையெல்லாம் பிரசவ அறை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

இந்த உவமை அவளுக்கு மட்டும் தோன்றியதல்ல. கர்நாடகத்தில், மண்டியா ஜில்லாவில், கொக்கரெ பெள்ளூர் என்று ஓர் ஊர். 'கொக்கரெ' என்றால் கன்னடத்தில் நாரை. ஊர்ப் பெயரிலேயே நாரை குடியேறிவிட்டது. அங்கே பறவைகள் ஏரியில்கூடக் கூடு கட்டுவதில்லை. ஊருக்கு நடுவே, வீட்டுக் கூரைக்கு மேல் நிழல் விழும் புளிய மரத்திலும் அரச மரத்திலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. தலைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்களைப் போல அந்தப் பறவைகள் என்று அந்த ஊரார் சொல்வார்கள். பெண் பிரசவத்துக்கு வந்திருக்கும்போது செலவுக் கணக்கைப் பார்ப்பவர் உண்டா? கூடு இருக்கிற மரத்தில் புளி உலுக்க முடியாது. அந்த நஷ்டத்துக்கு வனத்துறை மரத்துக்கு இவ்வளவு என்று ஏதோ ஈடு கொடுப்பதுண்டு. 2007-ஆம் வருஷத்தில் அந்த இடத்தைச் சமுதாயக் காப்பகம் என்று அறிவித்தார்கள்.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு வருவோம். கரையிலிருந்து இறங்கி ஊருக்குள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நண்பர் தம் கணக்கைத் தொடங்கினார்.

"நீர் இதை வைத்துக் கதை எழுதப் போகிறீர். 'கருணையின் சிகரம்' என்றெல்லாம் தலைப்புக் கொடுப்பீர். நான் விசாரித்துவிட்டேன். பறவை எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. எச்சம் நல்ல எரு. உரத்துக்கு ஆகிற செலவு குறைகிறது. நெல் வயலில் இருக்கிற நத்தையையும் நண்டையும் இந்தப் பறவைகள் தின்றுவிடுகின்றன. இதில் கருணை எங்கே வந்தது? லாபம் ஐயா, லாபம்!"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கலந்த நீர் பாய்கிற வயல் நன்றாக விளைகிறது என்பதை விஞ்ஞானம் சொல்வதற்கு வெகு காலம் முன்பே குடியானவன் கண்டு வைத்திருந்தான். ஒரு நல்ல காரியத்தில் லாபமும் இருந்துவிட்டால் அது நல்ல காரியம் இல்லை என்று ஆகிவிடுமா என்று நான் கேட்டேன். பசுவைப் பூஜிக்கிறவன் பாலையும் குடிக்கிறான். அதனால் பூஜை பொய்யா? நண்பர் சமாதானம் அடையவில்லை.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். பத்து வயது இருக்கும். வீட்டுக்குப் பால் வாங்கிப் போகத் தூக்குப் பாத்திரத்துடன் வந்திருந்தான். நண்பர் அவனைப் பிடித்துக் கொண்டார்.

"ஏன் தம்பி, உனக்கு வெடி வெடிக்க ஆசை இல்லையா?"

"இருக்கு சார்."

"பின்னே?"

"எங்க மாமா வீடு மேலூரு. அங்கிட்டுப் போயி வெடிப்பேன்."

"போக முடியாத வருஷம்?"

பையன் சற்று யோசித்தான். "மத்தாப்புக் கொளுத்துவேன். அதுக்குத்தான் சத்தம் இல்லேல்ல?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தான்.

'ஆசை இல்லை' என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு அவன்மேல் அவ்வளவு மரியாதை ஏற்பட்டிருக்காது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறவை என்றால் உயிர் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்திருந்தால் ஒருவேளை எரிச்சல்கூட வந்திருக்கும். ஆசை இருக்கிறது; இருந்தும் இல்லை. அவனுடைய தகப்பனாருக்கும் பத்து வயதில் அந்த ஆசை இருந்திருக்கும். அவரும் மத்தாப்புத்தான் கொளுத்தியிருப்பார்.

நான் நண்பரிடம் சொன்னேன்: "உங்கள் கணக்கில் ஒரு பத்து விட்டுப் போயிற்று. எருவின் லாபம் யாருக்கு? கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவருக்கு. வேட்டை விட்டதன் நஷ்டம் யாருக்கு? நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும். கரையில் ஆடு மேய்த்தாளே அந்தக் கிழவி, அவளுக்கு எத்தனை ஏக்கர் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? லாபம் ஓர் இடத்திலும் நஷ்டம் ஓர் இடத்திலும் விழுகிறபோது, அதை லாபம் என்ற ஒரே சொல்லால் எழுதி மூடிவிட முடியுமா?"

நண்பர் டீயைக் குடித்து முடித்தார். "இந்த நஷ்டத்துக்கு ஈடு ஏதாவது?" என்றார்.

"இருக்கிறது. தீபாவளிக்கு வனத்துறையார் வந்து ஊராருக்கு இனிப்புக் கொடுப்பார்கள்" என்றார் கடைக்காரர்.

நண்பர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இனிப்புக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். நன்றி சொல்ல ஒருவராவது வருகிறாரே!

ஊர்ப் பெயர் ஒன்று அப்போது முதல் என் மனத்தில் சுற்றிக் கொண்டிருக்கிறது. வேட்டங்குடி. 'வேட்டம்' என்றால் பழந்தமிழில் வேட்டை. செங்கல்பட்டு ஜில்லாவில் இருக்கும் வேடந்தாங்கலிலோ வேடனே இருக்கிறான். தாங்கல் என்றால் சிற்றேரி. தமிழ்நாட்டில் பறவைக்கு அடைக்கலம் கொடுத்துப் பெயர் வாங்கிய இரண்டு ஊர்களுக்கும் வேட்டைக்காரன் பெயர்! பெயர்க் காரண ஆராய்ச்சி பண்டிதர்களுக்கு உரியது. அதில் நான் இறங்கவில்லை. ஆனால் ஒரு கதைக்காரனுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. வேடன் ஒரு நாள் வில்லைக் கீழே வைத்தான் என்று தொடங்கினால், மிச்சத்தை வாசகரே சொல்லிவிடுவார்.

வேடந்தாங்கலின் கதையில் வில் இல்லை, துப்பாக்கி இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில், கம்பெனியார் காலம். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தடி எடுக்கவில்லை. அழுதுகொண்டு உட்காரவும் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் என்ற துரை. 1798-ஆம் வருஷம், அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு அவர் கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அந்த உரிமை மறுபடியும் உறுதி செய்யப்பட்டது. இந்தியாவிலேயே பழமையான பறவைச் சரணாலயம் வேடந்தாங்கல் என்று சொல்வது இந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

கம்பெனி சர்க்காரிடம் வரி குறைக்கக் கேட்கலாம்; ஏரிக்கரையைச் செப்பனிடக் கேட்கலாம். பறவைகளுக்காக ஒரு மனுவை எடுத்துக்கொண்டு கச்சேரி வாசலில் காத்து நின்ற அந்தக் குடியானவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய பெயர்களைச் சரித்திரத்தில் நான் பார்த்ததில்லை. துரையின் பெயர் மட்டும் இருக்கிறது. எருவுக்காகத்தான் போனார்கள் என்று என் நண்பர் சொல்லக்கூடும். போகட்டுமே. அந்த எருவினால்தான் இன்றைக்கும் பருவம் தவறாமல் மழை பெய்த வருஷங்களில் பல்லாயிரம் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன.

கண்மாய்ப் பறவைக்கு எரு உண்டு. எருவே தராத ஒரு சிட்டுக்காக ஓர் ஊர் இருட்டில் இருந்த கதையும் உண்டு. அதுவும் இதே சிவகங்கை ஜில்லாவில் நடந்தது. பொத்தகுடி என்று ஒரு சிறு கிராமம். 2020-ஆம் வருஷம், கொள்ளை நோய்க்கு அஞ்சி நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயம். அந்த ஊர்த் தெரு விளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டிக்குள் குருவி ஒன்று கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. தினந்தோறும் விளக்குப் போடுகிற இளைஞர் அதைப் பார்த்தார். படம் எடுத்து ஊராருக்குக் கைப்பேசியில் அனுப்பினார். பெட்டியில் கை வைத்தால் குருவி கூட்டை விட்டுப் போய்விடும். ஊர் கூடிப் பேசிற்று. குஞ்சு பொரித்துப் பறந்து போகும் வரை விளக்குப் போடுவதில்லை என்று முடிவாயிற்று. முப்பத்தைந்து தெரு விளக்குகள். ஒரு மாதத்துக்கு மேல் இருட்டு.

பட்டணத்து வாசகர்களுக்கு இருட்டு என்றால் மின்சாரம் அரைமணி நேரம் நின்று போவது. கிராமத்து இருட்டு வேறு. பாம்பு, தேள், மேடு பள்ளம், இரவில் வெளியே போக வேண்டிய பெண்கள், கண் மங்கிய கிழவர்கள் என்று அதற்குள் நிறைய விஷயங்கள் இருக்கின்றன. முணுமுணுத்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். முணுமுணுத்துக் கொண்டே கைவிளக்கை எடுத்துக்கொண்டு நடந்திருப்பார்கள். அந்த முணுமுணுப்பு இல்லாவிட்டால் அது தியாகமும் ஆகாது.

கிராமத்து ஜனங்கள் எல்லாரும் இயல்பாகவே தர்மாத்மாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எழுத்தாளர்களுக்குப் பழகிப் போன பொய்களில் ஒன்று. பறவையைப் பிடித்துச் சாலையோரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதும் கிராமங்களில் நடக்கிறது. அதனால் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நாகாலாந்தில், வோக்கா ஜில்லாவில், டொயாங் என்ற நதிக்கு அணை கட்டி ஒரு நீர்த்தேக்கம் உண்டாக்கினார்கள். அதில் பாங்க்டி என்ற ஊராரின் விளைநிலங்கள் மூழ்கின. விவசாயம் போனவர்கள் மீன் பிடித்துப் பிழைத்தார்கள். ஐப்பசி மாதத்தில் அந்த நீர்த்தேக்கத்துக்கு லட்சக்கணக்கில் ஒரு பறவை வந்து இறங்கத் தொடங்கிற்று. அமூர் வல்லூறு என்று பெயர். மாடப்புறா அளவுதான் இருக்கும். சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா போகிற பறவை. போகிற வழியில் நாகாலாந்தில் இறங்கி ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டும். மீன் வலை கட்டியவர்கள் மரத்துக்கு மரம் வலை கட்டினார்கள். 2012-ஆம் வருஷத்தில் அந்த ஒரு பருவத்தில் லட்சத்துக்கு மேல் பறவைகள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து உலகமே பதறியது.

அடுத்த வருஷம், 2013-இல், அங்கே வலையில் ஒரு பறவையும் சாகவில்லை.

எப்படி நடந்தது? வெளியிலிருந்து போன பறவை அன்பர்கள் பேசினார்கள். மாதா கோவில்களில் போதித்தார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சர்க்காரும் கண்டிப்புக் காட்டிற்று. இத்தனையும் சரிதான். ஆனால் கடைசியில், வலை கட்டினால் அபராதம் என்று விதித்தது ஊர்ச் சபை. அன்றைக்குத்தான் வலை அவிழ்ந்தது. நிலத்தை அணைக்குக் கொடுத்தவர்கள், கிடைத்த சில வாரத்து வரும்படியையும் விட்டார்கள். அவர்களுடைய கௌரவத்துக்காக ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக் கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்க்டி என்று பெயர் வைத்து விட்டார்கள். தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை ஆப்பிரிக்கா போய்த் திரும்புகிறதென்றால், அதை அடித்துக் குழம்பு வைக்க யாருக்கு மனம் வரும்?

என் நண்பருக்கு இந்தக் கதையை ரெயிலில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாக் கதையிலும் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கிறார், பார்த்தீரா?" என்றார்.

பார்த்தேன். அவர் கணக்குப்பிள்ளை, பற்று எது, வரவு எது என்பதில் ஏமாறமாட்டார். வேட்டை விட்டவர்கள், விளக்கை விட்டவர்கள், புளியை விட்டவர்கள், வலையை விட்டவர்கள் எல்லாரும் விடுவதற்கு அதிகம் இல்லாதவர்கள். பறவையைப் பார்க்கத் தூரதரிசினிக் கண்ணாடியோடு போகிறவர்கள் நாம். படம் எடுத்துக்கொள்கிறோம். ஊராரைப் பாராட்டுகிறோம். கட்டுரையும் எழுதுகிறோம். நாம் விட்டது என்ன?

இந்தக் கேள்வி வெறும் வாய்ச் சாமர்த்தியம் அல்ல என்பதற்கு வேடந்தாங்கலே சாட்சி. 1998-ஆம் வருஷ அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை. பறவை ஏரியில் கூடு கட்டினாலும் இரை தேடுவது சுற்றுப்புற வயலிலும் குளத்திலும்தானே? 2020-இல் அந்த எல்லையை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பிற்று. எதிர்ப்பும் கிளம்பிற்று, யோசனை கைவிடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 2022-இல், வேடந்தாங்கல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அரங்கேறியவரை சந்தோஷம். ஆனால் 1798-இல் குடியானவர்கள் வாங்கி வைத்த கௌலை, இரு நூற்றாண்டுக்குப் பிறகும் யாராவது காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வேட்டங்குடிக் கண்மாய்க்கு எல்லைத் தகராறு இல்லை. அதன் கவலை வேறு. ஆத்தா சொன்ன முதல் வாக்கியத்திலேயே அது இருந்தது: கம்மாயி பெருகினா வரும், பெருகலேன்னா வராது. கண்மாய் என்பது மழை நேராக விழுந்து நிரம்புகிற தொட்டி அல்ல. எங்கோ விழுகிற மழை வரத்துக்கால்கள் வழியாக, ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு என்று இறங்கி வர வேண்டும். அந்த வாய்க்கால் தூர்ந்து போகலாம். அதில் வீடு முளைக்கலாம். சாலை குறுக்கே போகலாம். இவற்றில் எதுவும் கொள்ளுக்குடிப்பட்டிப் பையன் கையில் இல்லை. அவன் கையில் இருப்பது ஒரு சரவெடி மட்டுந்தான். அதை அவன் கொளுத்தவில்லை.

ஊர் தன் வாக்கைக் காப்பாற்றுகிறது. அந்த வாக்குக்கு மறுபுறத்தில் நிற்பது நாரைகள் மட்டுமல்ல. வாய்க்காலைத் தூர்க்கிறவர்களும், தூர்வதைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களும், கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களும், நீங்களும் நானும் நிற்கிறோம். தண்ணீர் இல்லாமல் நாரை வராமல் போன வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் யாருக்காகச் சத்தமில்லாத மத்தாப்பைக் கொளுத்துவார்கள்? இரண்டு வருஷம் கொளுத்துவார்கள். பழக்கத்தினால் மூன்றாவது வருஷமும் கொளுத்தலாம். நான்காவது வருஷம் ஒரு பையன் மேலூரிலிருந்து ஒரு சரத்தை வாங்கி வந்து, காலி மரங்களைப் பார்த்துக்கொண்டே திரியில் நெருப்பை வைத்தால், அவனைக் கோபிக்க நமக்கு வாய் ஏது?

வருகிற தீபாவளியன்று, உங்கள் தெருவில் வெடிச் சத்தத்துக்கு நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு கிடைத்தால், அந்தக் கண்மாய்க்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த ஓய்வு இரவு முழுவதும் இருக்கும். அலகு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக் கொண்டிருக்கும். மழை நன்றாகப் பெய்து, வாய்க்காலும் திறந்திருந்தால்!